ஆட்டுக்கொட்டகை மேல் ஒரு போர்ட்ஃபோலியோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பரளச்சியில் யாரோ நிறுத்தி வைத்திருந்த டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று, ஓர் ஆட்டுக்கொட்டகையின் கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழே நின்ற ஆடுகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எதற்கு இந்த வேலை? ஓர் இலவச வெப்சைட்டுக்காக!

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெபராணி என் பள்ளித் தோழி. அருப்புக்கோட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான்கு வருடமாக டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி — சுற்றுவட்டாரத்தில் யார் சிரித்தாலும் அழுதாலும் அது இவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டோரத்துக்கு வரும்.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் போன். போனில் ஒரு விளம்பரம். கோயம்புத்தூரில், சாப்பாட்டுப் பொருட்களுக்கான பாக்கெட், டப்பா டிசைன் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் தேவை. தகுதி எல்லாம் இவளுக்குப் பொருந்துகிறது. கடைசி வரியில் மட்டும் ஓர் இடி. ‘உங்கள் போர்ட்ஃபோலியோ லிங்க்கை அனுப்பவும்.’

போர்ட்ஃபோலியோ என்றால் வேறொன்றும் இல்லை. நாம் செய்த வேலைகளில் நல்லதாகப் பொறுக்கி ஓர் இடத்தில் வைத்துக் காட்டும் ஆல்பம். அந்த ஆல்பம் இணையத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு முகவரி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

“போன வருஷமும் ரெண்டு கம்பெனிக்குப் போட்டேன்டி. லிங்க் எங்கேன்னு கேட்டாக. இல்லேன்னேன். அதுக்கப்புறம் பதிலே இல்ல.”

“ஃபிளெக்ஸ் கடையில நல்லாத்தானே போகுது?”

“போகுது. நாலு வருஷமா அடுத்தவுக மூஞ்சியை வெள்ளையாக்கிக்கிட்டே இருக்கேன். நான் செஞ்சது எதுவும் மூணு நாளைக்கு மேல நின்னதில்ல. கல்யாணம் முடிஞ்சா கழட்டிருவாக. ஒரு முறுக்குப் பாக்கெட்ல என் எழுத்து வந்துச்சுன்னு வையி... வருஷக்கணக்கா கடையில தொங்குமில்ல?”

அந்த ‘தொங்குமில்ல’ என்னை என்னவோ செய்தது. நான் செய்து தருகிறேன் என்றேன். காசு செலவழிக்காமல், இலவசத் தளம் ஒன்றிலேயே!

மூன்று வாரம் கழித்து வரும் திங்கள்கிழமை, காலை பத்து மணிக்குள் லிங்க் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரம் என்பது எவ்வளவு நேரம்! ஒரு வெப்சைட் கம்பெனியையே ஆரம்பித்துவிடலாமே?

இங்கேதான் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். அடுத்தவர் கட்டியதில் ஓட்டை தேடுவதுதான் சம்பளம். அதனால் எதைத் தொட்டாலும் முதலில் ஓர் அட்டவணை போட்டுவிடுவேன். மிக்ஸி வாங்குவதற்காக நான் போட்ட பட்டியல் முடிவதற்குள், அந்தப் பட்டியலில் இருந்த மிக்ஸிகள் எல்லாம் பழைய மாடல் ஆன கதை இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை ஏழு தளங்கள். பதினைந்து வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

இலவசத் தளம் தேடுவது வாடகை வீடு பார்ப்பது மாதிரிதான். வாசலில் எல்லோரும் சிரிப்பார்கள். உள்ளே போன பிறகுதான் தண்ணீர் வராத விஷயம் தெரியும்.

ஒரு தளத்தில் எல்லாம் அழகு. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் விளம்பரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் தன் கடை போர்டை மாட்டியது மாதிரி. இன்னொன்று கொடுக்கும் முகவரி எவ்வளவு நீளம் தெரியுமா? போனில் ஒருவருக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் காரியாபட்டி தாண்டிவிடும். மூன்றாவது, நாம் ஏற்றும் படத்தைக் கேட்காமலே சுருக்கிவிடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் பிசிறு. நான்காவது, சில மாதம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் பக்கத்தைப் பூட்டிவிடுமாம். அது விதிமுறைகளின் பதினோராவது பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது. ஐந்தாவது ‘இலவசம்’ என்று கூப்பிட்டுவிட்டு இரண்டாவது படியிலேயே கார்டு நம்பர் கேட்கிறது.

இப்படியே நோண்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் ஒரு தளம், எழுந்தால் ஒரு தளம். ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். என் கை பிரவுசரின் இன்னொரு டேப்பில் எழுத்துரு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வாரம் ஜெபராணி போன் செய்தாள்.

“என்னடி, எந்த சைட்டு?”

“ரெண்டுக்குள்ள வந்துட்டேன்.”

மூன்றாவது வாரம்.

“இன்னும் ரெண்டுதானா?”

“இல்ல... இப்ப மூணு. புதுசா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.”

“ஏடி, எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னா நீ அறுபது வயசுக்குத்தான் கூட்டிட்டு வருவ போலருக்கே!”

எனக்கே உள்ளுக்குள் பதற்றம்தான். ஆனால் என் பதற்றம் வெளியே தெரியாது. நான் நிதானமான பெண் என்று ஊரில் பெயர். நிதானமாகவே இன்னும் இரண்டு வரிசைகளுக்கு மதிப்பெண்ணை மாற்றினேன்.

கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தளம் முதலிடம் பிடித்தது. வெற்றிக் களிப்போடு ஜெபராணியைக் கூப்பிட்டேன்.

“முடிவு பண்ணியாச்சு. உன் டிசைன் ஃபைல் எல்லாம் அனுப்பு. நல்லதா ஒரு இருபது.”





“கடைக்கு வா” என்றாள்.

போனேன். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். டி டிரைவில் ஒரு ஃபோல்டர். அதில் ஃபைல்கள்... ஒன்பது. ‘கல்யாணம்’, ‘காதுகுத்து’, ‘கடை’, ‘அஞ்சலி’, ‘பிறந்தநாள்’... இப்படி ஒன்பது.

“மிச்சம்?”

“மிச்சம்னு ஒண்ணு இல்ல. இம்புட்டுத்தான்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர்கள் வேலை செய்யும் முறை இதுதான். ஒரு கல்யாண பேனர் ஆர்டர் வந்தால், போன கல்யாணத்தின் ஃபைலைத் திறப்பார்கள். பழைய மாப்பிள்ளையைத் தூக்கிவிட்டுப் புது மாப்பிள்ளையை வைப்பார்கள். பெயர்களை அழித்துப் புதிதாக வரைவார்கள். பிரிண்ட் போகும். பிறகு அதே ஃபைல் மேலேயே சேவ். நான்கு வருடத்தில் நூற்றுக்கணக்கான கல்யாணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்து, கடைசியாகப் போன வாரத்து மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடை முதலாளி அண்ணாச்சி பிரிண்டர் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன பாப்பா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?”

“அண்ணாச்சி, பழைய ஃபைலை எல்லாம் தனியா வைக்கிறதே இல்லையா?”

“எதுக்கு? ஒவ்வொண்ணும் இம்புட்டுப் பெருசு இருக்கும். டிஸ்க்கு ரொம்பிரும். வச்சு என்னத்த செய்ய? கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே!”



“வாட்ஸ்அப்ல கஸ்டமருக்கு அனுப்புவீகளே, அது?”

“அது கடை போனு. மாசம் பொறந்தா சுத்தமாத் தொடைச்சிருவேன்.” பெருமையாகச் சொன்னார்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்று வாரம் என் கையில் இருந்தது. முதல் நாளே ‘எதை வைக்கப் போறோம், காட்டு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. வீட்டுக்குள் வைக்கச் சாமான் இருக்கிறதா என்று பார்க்காமல், ஏழு வீட்டுக் குழாயையும் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன்.

ஜெபராணி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. “சரி, விடு. ஒன்பது இருக்குல்ல, அதைப் போடு” என்றாள். அந்த ஒன்பதும் எப்படி என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவசரத்தில் செய்தவை. ஒரே மாதிரி ரோஜாப்பூ, ஒரே மாதிரி தங்க பார்டர்.

கடையை விட்டு வெளியே வந்தோம். எதிர்த்தாற்போல் ஒரு சரக்கு ஆட்டோ. கரிமூட்டை ஏற்றியிருந்தார்கள். மூட்டைகள் மேல் மழைக்கும் தூசிக்கும் ஒரு ஃபிளெக்ஸைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. ஜெபராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏடி... அது நான் போட்டது.”

“எது?”

“அந்த எழுத்து. ‘வருக’வுல அந்த ‘ரு’வைப் பாரு. அப்படிச் சுழிச்சு இந்த ஊர்ல வேற யாரும் போட மாட்டாக. போன வைகாசி, மல்லாங்கிணறு பார்ட்டி. எட்டுக்கு ஆறு அடி.”

ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஃபிளெக்ஸ் சாவதில்லை! நம் பக்கத்தில் எந்த பேனரும் குப்பைக்குப் போவதில்லை. விசேஷம் முடிந்த மறுநாளே அதைக் கழற்றிக்கொண்டு போய் மிளகாய் மூட்டையை மூடுவார்கள். குளியலறைக்கு மறைப்புக் கட்டுவார்கள். கொட்டகைக்குக் கூரை போடுவார்கள். ஜெபராணியின் நான்கு வருடம் டி டிரைவில்தான் இல்லை. தாலுகா முழுக்க இருக்கிறது!

“எந்த பேனர் எந்த ஊருக்குப் போச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

“என்ன கேள்வி கேக்குற? சைஸோட சொல்லுவேன்.”

சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். மூன்று வாரத்தில் நான் எழுதிய உருப்படியான பட்டியல் அதுதான்.

சனிக்கிழமை லீவு கேட்டாள். முகூர்த்த சீசன், இருந்தும் அண்ணாச்சி முணுமுணுத்தபடி விட்டார். என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். முதலில் மல்லாங்கிணறு. ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால், அவள் ஆசையாகச் செய்த ஒரு திறப்பு விழா பேனர் இருக்க வேண்டும். இருந்தது. நான்கு துண்டாக வெட்டி, அரிசி மூட்டைக்குக் கீழே விரித்திருந்தார்கள். ஒரு துண்டில் ‘நல்’. இன்னொன்றில் ‘வரவு’. போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. ஜெபராணி மூட்டைக்கு அடியில் தெரிந்த ஒரு மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அங்கிருந்து திருச்சுழி. தாலுகா ஆபீஸ் போகும் வழியில் ஒரு டீக்கடை. மேற்கு வெயிலுக்கு மறைப்பாக ஒரு பேனர் தொங்கியது. தலைகீழாக!

“அண்ணே, இதை ஏண்ணே தலைகீழாக் கட்டியிருக்கீக?”

“நேராக் கட்டினா மாப்பிள்ளை என்னையவே பார்க்குறாப்புல. டீ ஆத்த முடியல.”

போட்டோ எடுக்க அவர் தாராளமாக அனுமதி கொடுத்தார். அனுமதி கேட்பது மட்டும் நான் மறக்காமல் செய்த நல்ல காரியம். அடுத்தவர் முகத்தை, அவர் வீட்டுப் பெயர்களை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டுமில்லையா? பெண் பிள்ளைகள் படம் இருந்தவற்றை நாங்கள் தொடவே இல்லை. மாப்பிள்ளையின் முகம் விழாமல் எழுத்தை மட்டும் எடுத்தோம்.

அங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பேனரில் சிவப்பு மொத்தமாகப் போயிருந்தது. மஞ்சள் போயிருந்தது. ரோஜாப்பூக்கள் நீலப்பூக்கள் ஆகியிருந்தன. ஆனால் பெயர்கள்? பளிச்சென்று படிக்க முடிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று படித்தேன். தலைகீழாக இருந்தும் படித்தேன்.

“எப்படிடி?”

“பஸ்ஸுல போறவுக படிக்கணும்ல? பஸ்ஸு நம்மளுக்காக நிக்குமா? அதனால எழுத்தை நானேதான் வரைவேன். உள்ள இடைவெளி கூட விட்டு. வெயில்ல கலர் போகும்னு தெரியும், ஓரத்துக்குக் கருநீலத்துல ஒரு கோடு கட்டிருவேன். அண்ணாச்சி திட்டுவாக, எதுக்கு இம்புட்டு நேரம்னு.”

நான்கு வருடமாக இவளோடு டீ குடிக்கிறேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சனிக்கிழமை முடிவில் கையில் ஆறு படங்கள். பட்டியலில் அவள் நட்சத்திரம் போட்டு வைத்திருந்த ஒன்று மட்டும் பாக்கி. பரளச்சி, பத்துக்கு ஆறு, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணி. “நான் போட்டதுலயே அதுதான்டி நல்லது” என்று நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

அதனால்தான் ஞாயிறு காலை அங்கே போனோம். “சர்ச்சுல ஆராதனையை விட்டுட்டு வந்திருக்கேன். சாயங்காலம் போறேன்னு அம்மாட்ட சொல்லியிருக்கேன். படம் கிடைக்கலைன்னா அம்மாட்டயும் திட்டு, ஆண்டவர்ட்டயும் திட்டு” என்றாள் ஜெபராணி, பின் சீட்டில் இருந்தபடி.

பேனர் இருந்தது. முத்துமாரி அக்கா வீட்டு ஆட்டுக்கொட்டகையின் மேல். அவர் மகன் கல்யாணத்துக்குப் போட்டது. மாப்பிள்ளை, பெண் முகமெல்லாம் கூரையின் மறுசரிவுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் இருந்தது பெயர்கள் மட்டும். வரவேற்கும் உறவினர்கள் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு பெயரும் ஜெபராணி கையால் வரைந்தது. கரிசல் புழுதி படிந்து, இரண்டு வெயில் காய்ந்து... அப்படி ஓர் அழகு!

விஷயத்தைச் சொன்னோம். முத்துமாரி அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“எடுத்துக்கங்க தாயி. என் மவன் பேரு வெளிநாடு வரைக்கும் போகட்டும். ஆனா ஒண்ணு. கீழ் வரிசையில ஒரு பேரு இருக்கு பாரு, பேச்சியம்மாள்னு. அது என் நாத்தனா. அதை மட்டும் அழிச்சிருங்க.”

“ஏங்கக்கா?”

“பந்தியில ரெண்டாம் தடவை பாயாசம் வரலைன்னு ஊரு பூராம் சொல்லிட்டா. ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. அவ பேரு என் வீட்டுக் கொட்டகை மேல கெடக்குறதே எனக்குப் பொறுக்கல. மழைக்குன்னு விட்டு வச்சிருக்கேன்.”

கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு கட்டு சோளத்தட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டகை ஓரத்தில் சரியாக அந்தப் பெயருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

“இப்ப எடு. மறைஞ்சிருச்சா?”

“மறைஞ்சிருச்சுக்கா!”

“நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. அவளுக்கு மூக்கு நீளம், எங்கயாச்சும் எட்டிப் பாத்துரப்போறா.”

உயரம் போதவில்லை. டிரெய்லர் மேல் ஏறினேன். எடுத்தேன். பதினேழு பெயர்கள், ஒரு சோளத்தட்டைக் கட்டு, கீழே சிரிக்காமல் கறாராக நிற்கும் ஓர் அம்மாள், நான்கு ஆடு. நான் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல போட்டோ அதுதான். கிளம்பும்போது ஜெபராணி சொன்னாள்: “அக்கா, உங்க நாத்தனா பேரு வெளிய வராது. நான் பொறுப்பு.”

மதியம் வீட்டுக்கு வந்து படங்களை ஏற்ற உட்கார்ந்தோம். என் அட்டவணையில் முதலிடம் பிடித்த தளத்தைத் திறந்தேன். என் லேப்டாப்பில் ஜம்மென்று வந்தது. ஜெபராணி எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நாளைக்கு ஒரு படத்தை மாத்தணும்னா, நான் போன்லயே மாத்திக்கலாமா?”

பார்த்தேன். முடியாது. மாற்றுவதென்றால் கம்ப்யூட்டர் வேண்டும். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. கடையில் இருப்பது கடையுடையது.

“நான்தான் இருக்கேனே, மாத்தித் தாரேன்” என்றேன்.

“நீ மாத்துறதுக்கு ஒரு அட்டவணை போடுவ. அதுக்கு மூணு வாரம் ஆகும்.”

பதினைந்து வரிசை போட்டேனே... அதில் ஒரு வரிசைகூட ‘இது யாருடையது?’ என்று கேட்கவில்லை. எல்லா வரிசையும் எனக்கு எது வசதி, எனக்கு எது அழகு. அவள் பக்கத்தை அவள் கையால் மாற்ற முடியுமா என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது என் பட்டியலில் ஆறாவதாக வந்த தளம். அலங்காரம் கிடையாது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுத இடம். அடியில் சின்னதாக ஒரு விளம்பரம். “இருந்துட்டுப் போகுது. எங்க கடையும் மூலையில நம்பரு போடுறதுதானே?” என்றாள். போனிலேயே செய்தாள். இருபது நிமிடம்!

அறிமுகத்துக்கு நான் நான்கு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதை வாசித்து, நாகரிகமாக ஓரம் தள்ளிவிட்டு, அவளே ஒரு வரி எழுதினாள்: ‘ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி எழுத்து வரைவேன்.’ முதல் படமாக முத்துமாரி அக்காவை வைத்தாள். அதற்கு அடியில்: ‘பத்துக்கு ஆறு. இரண்டு கோடை பார்த்தது. இன்னமும் ரோட்டிலிருந்து படிக்கலாம்.’

திங்கள் காலை ஒன்பது இருபதுக்கு லிங்க் போனது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது அவஸ்தை. அந்தத் தளத்தில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் வரும். அப்போது மூன்று. அதில் ஒன்று அவள். இரண்டு நான் — லேப்டாப்பில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை. நான் வேலை பார்க்கவில்லை. தோசை கருகியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டை விரலால் அந்தப் பக்கத்தை இழுத்து இழுத்து விட்டேன். மூன்று. மூன்று. மூன்று.

பதினொரு மணிக்கு நான்கு ஆனது! ஜெபராணிக்குப் போன் செய்தேன்.

“பாத்துட்டாகடி! கம்பெனிக்காரவுக பாத்துட்டாக!”

“கத்தாத. அது அண்ணாச்சி. நான்தான் அனுப்பினேன். பக்கத்துலதான் நிக்கிறாக.”

பின்னணியில் அண்ணாச்சி குரல்: “எல்லாம் சரிதான். ஆனா மூலையில நம்ம கடை நம்பரை வெட்டிட்டியே!”

செவ்வாய் முழுக்க நான்கு. புதன் காலை வரை நான்கு. எருமை மாதிரி ஒரு எண் அசையாமல் கிடந்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? நான் அறைக்குள் நடந்த தூரத்துக்கு விருதுநகரே போய் வந்திருக்கலாம். நான் மூன்று வாரம் வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல படங்கள் எடுத்திருக்கலாமே, மல்லாங்கிணற்று பேனர் வெட்டுப்படுவதற்கு முன்பே போயிருக்கலாமே... இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபராணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

புதன் மதியம் எண் பதினொன்று ஆனது. வியாழக்கிழமை வீடியோ கால் என்று மெயில் வந்தது.

என் வீட்டில்தான் உட்கார்ந்து பேசினாள். நான் கேமராவில் விழாமல் கதவோரம் நின்றேன். எதிர்ப்பக்கம் ஓர் அம்மாள். கொஞ்ச நேரம் சம்பளம், படிப்பு என்று வழக்கமான கேள்விகள். பிறகு அந்த அம்மாள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“உங்க முதல் போட்டோவைப் பத்திக் கேக்கணும். தலையில கட்டு வச்சுக்கிட்டு ஒரு அம்மா நிக்கறாங்க இல்லையா, அவங்களுக்குப் பின்னாடி ஒரு பேர் இருக்கு. முக்கால்வாசி மறைஞ்சிருக்கு. நாங்க மூணு பேர் தனித்தனியாப் பாத்தோம். மூணு பேரும் ஒரே மாதிரி படிச்சோம். பேச்சியம்மாள். சரியா?”

ஜெபராணி முகம் வெளிறியது. “சரிதாங்க மேடம்” என்றாள் மெதுவாக.

“முக்கால்வாசி மறைஞ்ச பேரைப் படிக்க முடியுது. எங்க பாக்கெட் எல்லாம் கடையில ஒண்ணு மேல ஒண்ணு மறைச்சுக்கிட்டுத்தான் தொங்கும். எங்களுக்கு இந்த மாதிரி எழுத்துதான் வேணும். அடுத்த மாசம் வர முடியுமா? முதல் மூணு மாசம் டிரையல்.”

கதவோரத்தில் நான் குதித்தேன். சத்தமில்லாமல்தான்.

கால் முடிந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் போனால், அவள் என்னைத் தள்ளிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். பக்கத்தைத் திறந்தாள். படத்தைத் திறந்தாள். சோளத்தட்டை இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ‘பேச்சியம்மாள்’ மேல் விரலால் தேய்த்து மங்கலாக்கினாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். பழைய படத்தைத் தனியாக வேறு பெயரில் சேவ் செய்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

“ஏடி, வேலை கிடைச்சிருக்கு! இப்ப எதுக்குடி இது?”

“முத்துமாரியக்காட்ட சொல்லியிருக்கேன்ல, நான் பொறுப்புன்னு.”

அண்ணாச்சி அன்று சாயங்காலம் கடை ஆட்கள் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாராம். ஜெபராணியிடம் சொன்ன ஒரே வார்த்தை: “போயிட்டு வா. போற வரைக்கும் போடுற ஒவ்வொரு பேனரையும் வேற வேற பேர்ல சேவ் பண்ணிட்டுப் போ.”

ஓவியமோ, தையலோ, போட்டோவோ, உங்கள் வேலையை வைக்க நீங்களும் ஓர் இலவச இடம் தேடிக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். தளத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் வேலையைத் தேடி எடுத்து வையுங்கள். அசலின் பிரதி ஒன்றை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். இலவச வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு, சாவி உங்கள் கையிலேயே இருக்கிற வீடாகப் பாருங்கள். மற்றதெல்லாம் சுவருக்கு என்ன பெயின்ட் என்கிற விஷயம்தான்.

என் அட்டவணையை நான் அழிக்கவில்லை. பதினாறாவதாக ஒரு வரிசை மட்டும் சேர்த்திருக்கிறேன்: ‘நாத்தனார் பெயரை இரண்டு நிமிடத்தில் மறைக்க வசதி உண்டா?’